தூக்குவாளியோடு போன நாள்

மதுரை,
மே 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா தினமும் ஏறி, வடகத்துக்குக் காவல் உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னடா, என்னவாம் அவளுக்கு?" என்று ரெண்டு தரம் கேட்டும்விட்டாள். சரி, திரும்பக் கூப்பிடலாம் என்றால் நீ என்னை முழுசாகப் பேசவிட மாட்டாய். அதனால்தான் கடிதம். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாதே.

குட்டிம்மா தன் வகுப்புப் பையனோடு சனிக்கிழமை வேளச்சேரி பீனிக்ஸ் மாலுக்குப் போய், ஒரு படம் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வரட்டுமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ யோசித்து யோசித்து, "தம்பியையும் கூட்டிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறாய். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். நீ அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குக் கோபம். ஆனால் பாப்பா, கூடப் போகும் தம்பி தங்கச்சியால் என்னென்ன நடக்கும் என்று இந்தக் குடும்பத்தில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? 1996 மே மாதம் காந்தி மியூசியத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பத்து வயது. உனக்கு அது மியூசியம் பார்த்த நாள். எனக்கு அது என்ன நாள் என்று இத்தனை வருஷத்தில் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை.

பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவு அது. அந்தக் காலத்தில் அந்த லீவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தலையெழுத்துதான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எனக்கு வடக்குமாசி வீதியில் ஒரு மாடியில். காலை ஏழிலிருந்து எட்டு என் பேட்ச். ஆறிலிருந்து ஏழு பேட்சில் அந்தப் பிள்ளை. பேரை எழுத மாட்டேன், இந்தக் கடிதம் யார் கையில் போய்ச் சேருமோ. மாடிப்படி குறுகல். ஏழு மணிக்கு அவள் இறங்குவாள், நான் ஏறுவேன். ஒருத்தர் சுவரோடு ஒட்டி ஒதுங்கினால்தான் இன்னொருத்தர் போகலாம். ஒதுங்கினதற்கு அவள் "தேங்க்ஸ்" என்றாள். நான் பதிலுக்கு "குட் மார்னிங்" என்றேன். அதோடு ஒரு வாரம் ஓடியது.

எங்கள் இருவருக்கும் ஒரே மெஷின், பழைய ஃபேசிட். ரோலர் கெட்டுப்போகாமல் இருக்கப் பின்னால் ஒரு பேக்கிங் ஷீட் வைப்பார்கள். நாம் அடிக்கும் தாளுக்குப் பின்னால் அது பாட்டுக்குக் கிடக்கும், மாஸ்டர் அதைப் பார்க்கவே மாட்டார். ஒருநாள் அந்தத் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: "தப்பு அடிச்சா எக்ஸ் போட்டு அழிக்காதீங்க, மாஸ்டர் சிவப்பு மையில் சுழிக்கிறார்." யார் யாருக்கு எழுதியது என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அன்றைக்கு முழுக்க ஏ எஸ் டி எஃப் தவிர வேறெதையும் என்னால் அடிக்க முடியவில்லை.

அப்புறம் அந்தத் தாள்தான் எங்கள் தபாலாபீஸ். நான் எட்டு மணிக்கு எழுதிவைப்பது மறுநாள் ஆறு மணிக்கு அவளுக்குக் கிடைக்கும். இடையில் பகல் முழுக்கப் பத்து பேர் அதே மெஷினில் உட்கார்வார்கள். எவனாவது படித்துவிடுவானோ என்று வயிற்றைக் கலக்கும். ஒருவன் படித்திருக்கிறான். "ஆல் தி பெஸ்ட்" என்று அடித்துவிட்டுப் போயிருந்தான். அவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது.

எங்கே சந்திப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. குட்டிம்மாவுக்கு மால் இருக்கிறது. மதுரையில் அன்றைக்கு என்ன இருந்தது சொல்? மீனாட்சி கோயில் என்றால் நம் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு பிரகாரத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தியேட்டர் என்றால், 'இந்தியன்' வந்த வாரம், பெண்கள் வரிசையில் இருக்கும் அத்தனை அத்தைமார்களும் நம்மைத்தான் பார்ப்பார்கள். ராஜாஜி பூங்காவில் உட்கார்ந்தாலே ஊர் முடிவு கட்டிவிடும். வண்டியூர் தெப்பக்குளம் வறண்டு கிடந்தது, உள்ளே கிரிக்கெட் ஆடுகிறவர்களில் என் ஸ்கூல் பையன்கள்தான் ரெண்டு டீம். காந்தி மியூசியத்தைச் சொன்னது அவள்தான். காசு வாங்க மாட்டார்கள். ராணி மங்கம்மாள் அரண்மனை, கனத்த சுவர், கத்திரி வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். காந்தியைப் பார்க்கப் போகிறேன் என்றால் எந்த வீட்டில் வேண்டாம் என்பார்கள்? தாளில் அடித்திருந்தாள்: "சனி 10.30. தம்பியும் வருவான்." தம்பி இல்லாமல் அவளை வீட்டில் விட மாட்டார்கள். அவன் வந்தால் நானும் ஒரு துணையோடு போவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் நீ வந்தாய்.

"பாப்பாவுக்குப் பொது அறிவு வளரட்டும்மா, மியூசியம் கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பூரித்துப்போனாள். அதுதான் வினையாகப் போனது. உனக்குப் பொங்கலுக்கு எடுத்த பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டு, ரெட்டைச் சடை போட்டு, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு என் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். "பிள்ளை பசி தாங்காது" என்று ஒரே பேச்சு. நான் நண்பனிடம் இரவல் வாங்கிய பேகி பேன்ட், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்து நிறையக் குட்டிக்கூரா பவுடர். கையில் தூக்குவாளி.

பஸ்ஸில் சிம்மக்கல் வரை வந்து இறங்கி நடந்தோம். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நீ நின்றுவிட்டாய். அழகர் ஆற்றில் இறங்கிப் போய் அதிக நாள் ஆகவில்லை. வைகையில் தண்ணீர் இல்லை, மணலில் திருவிழாக் குப்பை கிடந்தது. "அழகர் இந்த வழியாவா போனார், செருப்பு போட்டுக்கிட்டா?" என்று கேட்டாய். எனக்கோ மணி பத்தேகால். உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். கோரிப்பாளையம் தாண்டி மியூசியம் வாசலுக்குப் போகும்போது பவுடர் எல்லாம் கழுத்தில் கோடுகோடாக இறங்கியிருந்தது.

அவள் வந்திருந்தாள். வெளிர்நீலச் சுடிதார், துப்பட்டாவை ரெண்டு தோளிலும் ஊக்குக் குத்தி 'வி' மாதிரி விட்டிருந்தாள். தலையில் ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் எட்டு வயசுத் தம்பி, கையில் பம்பரம். நான் பேசுவதற்கு ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை ஆரம்பிக்கும் முன்னால் நீ, "அண்ணே, இந்த அக்கா யாரு? இவங்களும் மியூசியத்துக்கா?" என்றாய். அவள், "ஆமா, வாங்க" என்றாள். அதோடு என் வாக்கியம் போயிற்று. இன்றுவரை அது என்ன வாக்கியம் என்று எனக்கே ஞாபகம் வரவில்லை.

வாசலில் இருந்த பெரியவர் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று தூக்குவாளியை வாங்கி மேஜைக்கடியில் வைத்துவிட்டார். தொல்லை விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போனதும்தான் தெரிந்தது, இத்தனை நேரம் என் வலது கைக்கு அதுதான் வேலையாக இருந்திருக்கிறது. இப்போது கையை எங்கே வைப்பது? பேன்ட் பையில் விட்டால் ரவுடித்தனம். கட்டிக்கொண்டால் வாத்தியார். கடைசியில் பின்னால் கோத்துக்கொண்டேன், பள்ளிக்கூடத்தைச் சுற்றிப்பார்க்க வந்த கல்வி அதிகாரி மாதிரி.

அந்த மியூசியத்தில் சுதந்திரப் போராட்டத்தைப் படம் படமாக வைத்திருப்பார்கள், 265 படங்கள். வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு வந்து இறங்கியதில் ஆரம்பித்து 1947 வரை. நான் முதல் படத்திலிருந்து தொடங்கினேன். கீழே எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தேன். அவள் ஒரு படம் தள்ளி நின்று கேட்டாள். அடுத்த படம், அதற்கடுத்த படம். பிளாசிப் போர் வந்தது. ஏதாவது சொந்தமாகச் சொல்ல வேண்டுமே என்று, "வெள்ளைக்காரங்க ரொம்ப மோசம்" என்றேன். "ஆமாங்க" என்றாள். இதுதான், பாப்பா, எங்கள் முதல் உரையாடல். அதுவும் 'ங்க' போட்டு. பதினேழு வயசுப் பிள்ளைகள் இரண்டும் பொண்ணு பார்க்க வந்த பெரியவர்கள் அளவுக்கு மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

நீயும் அந்தப் பொடியனும் அதற்குள் 1857-ஐத் தாண்டி உப்புச் சத்தியாகிரகத்துக்கு ஓடிவிட்டீர்கள்.

காந்தி மதுரையில் வைத்துத்தான் மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார், 1921 செப்டம்பர் 22. அந்த இடத்துக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நமக்குத் தெரிந்த சங்கதியாச்சே. "இது நம்ம மேலமாசி வீதியிலதான் நடந்துச்சு" என்று சொன்னேன், ஏதோ நான்தான் வேட்டி எடுத்துக்கொடுத்த மாதிரி. அவள் மெதுவாக, "தெரியும்ங்க. எங்க வீடு அதுக்குப் பின்னாடி சந்துதான்" என்றாள். வாரக்கணக்கில் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த விலாசம் அப்படித்தான் கிடைத்தது. ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தபடி நின்றோம்.

இன்னொரு இடத்தில் காந்தி ஹிட்லருக்கு எழுதிய கடிதம். 'அன்பு நண்பரே' என்று ஆரம்பிக்கும். அதைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்டாள். "ஹிட்லருக்குப் போயி எப்படிங்க இப்படி எழுதினார்?" என்று கேட்டாள். நான் ஏதோ உளறினேன். உண்மையில் என் மனதில் ஓடியது வேறு. ஹிட்லருக்கே இந்த மனுஷன் என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரிந்து எழுதிவிட்டார். நான் இந்தப் பிள்ளைக்கு பேக்கிங் ஷீட்டில் எழுதும்போது மேலே என்ன போடுவது என்று தெரியாமல், ஒன்றுமே போடாமல்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ரத்தத் துணி. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணியில் ஒரு பகுதி, கண்ணாடிக்குள் வைத்திருப்பார்களே. அங்கே யாரும் பேச மாட்டார்கள், செருப்புச் சத்தம்கூட அடங்கிவிடும். நீ கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி, "அண்ணே, இது நிஜ ரத்தமா?" என்றாய். அந்தப் பொடியன், "இல்ல, சினிமா ரத்தம்" என்றான். நீ அவன் சடையை... அவனுக்கு ஏது சடை, காதைப் பிடித்துத் திருகிவிட்டாய். அவன் பம்பரக் கயிற்றால் உன்னை ஒரு போடு போட்டான். சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் எங்கள் நாலு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! உங்கள் இருவரையும் பிரித்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. துணியைப் பார்த்தா, தம்பியைப் பார்த்தா தெரியவில்லை. சினிமாவில் இந்த இடத்தில் கதாநாயகன் கர்ச்சீப் நீட்டுவான். என் பையிலும் இருந்தது. பாலத்திலிருந்து வேர்வை துடைத்துத் துடைத்து அது பிழிந்தால் சொட்டும் நிலைமையில் இருந்தது. பையிலேயே விட்டுவிட்டேன். நல்ல முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மதியம் வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தோம். தூக்குவாளியை வாங்கி வந்தேன். தட்டு இல்லை. மூடியில் அவளுக்கும் அவள் தம்பிக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, நாம் வாளியிலிருந்தே சாப்பிட்டோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்கம்மா கடலைப்பருப்பை நல்லாச் சிவக்க விட்டுத் தாளிச்சிருக்காங்க, எங்க வீட்டுல இது வரவே வராது" என்றாள். அம்மாவிடம் இதை நான் சொல்லவே இல்லை. சொன்னால் யார் சொன்னது என்று கேட்பாளே.

அங்கேதான் கொஞ்சம் பேச்சு வந்தது. மெஷினைப் பற்றி. அந்த ஃபேசிட்டில் ஆங்கில 'இ' எழுத்தின் வயிறு மையும் தூசியும் அடைத்துக்கொண்டு, அடித்தால் வெறும் கறுப்புப் பொட்டாக விழும். மாஸ்டரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் அவர் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலையில் நான் போய் அடித்தால் எழுத்து பளிச்சென்று விழுந்தது. "அது என்ன மாயம்னு தெரியல" என்றேன். அவள் சிரித்தாள். தோளில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுக் காட்டி, "இதாலதான். கிளாஸ் முடிஞ்சு கடைசி அஞ்சு நிமிஷம் குத்திக் குத்திச் சுத்தம் பண்ணேன். உங்களுக்குப் பரீட்சைக்கு மார்க் போயிரும்ல?" என்றாள். அவள் பரீட்சைக்கும் அதே மெஷின்தான். ஆனால் அவள் சொன்னது 'உங்களுக்கு'. பாப்பா, அன்று காலையிலிருந்து அந்த நிமிஷம்வரை நான் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். இடது புருவத்தின் நடுவே ஒரு சின்னத் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை.

பார்த்த நேரம்! "என்ன தம்பி, இங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா ஆபீஸ் சூப்பிரண்டெண்ட், குடும்பத்தோடு. எனக்கு வாயிலிருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவர் பார்வை என்னிடமிருந்து அவளிடம் போய், அங்கிருந்து மல்லிகைப்பூவுக்குப் போனது. அப்போது நீ, வாயில் உருளைக்கிழங்கோடு, அசராமல் சொன்னாய்: "இவன் என் கிளாஸ் மாமா. ஹாலிடே ஹோம்வொர்க். இது அவனோட அக்கா. எங்கண்ணன் என்னைக் கூட்டி வந்துச்சு, அந்தக்கா அவனைக் கூட்டி வந்துச்சு." அந்தப் பொடியன் உனக்கு ரெண்டு வயசு இளையவன், உன் தோளுக்குக்கூட இல்லை. அவனும் தலையை ஆட்டினான். உன்னிடம் நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை, சத்தியமாக. பத்து வயசில் உனக்கு அது எங்கிருந்து வந்தது? அவர், "நல்லாப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஆபீஸில் அப்பாவிடம், "உங்க பையன் பொறுப்பா தங்கச்சியக் கூட்டிட்டு மியூசியம் வந்திருந்தான் சார்" என்று பாராட்டியிருக்கிறார். அப்பா எனக்கு ஒரு ஹீரோ பேனா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பேனாவால் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாக வரும்.

இதுவரை உன்னைச் சிரிக்கவைக்க எழுதினேன். இதற்கப்புறம் உள்ளதற்காகத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

அவர் போனதும் நான் 'தப்பித்தோம்' என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூடியில் இருந்த சோறு அப்படியே இருந்தது. விரல் நடுங்கியது. சோற்றை உருட்டுகிறாள், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவரா இருந்திருந்தா எனக்கு காலேஜ் இல்லைங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குறை சொல்லும் குரலில் இல்லை, மணி என்ன என்று சொல்லும் குரலில் சொன்னாள்.

எனக்கு அன்றைக்கு அது பாதிதான் உறைத்தது. என் பயம் எல்லாம் அப்பாவின் பெல்ட்டோடு முடிந்துவிடும். நாலு அடி, ரெண்டு நாள் முறைப்பு, அப்புறம் சோறு போட்டுவிடுவார்கள். அவள் ஒரு படம் தள்ளித் தள்ளி நின்றதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கணக்கு. யாராவது வந்தால் இரண்டு தனித்தனி ஆட்களாகத் தெரிய வேண்டும் என்ற கணக்கு. மியூசியத்தைத் தேர்ந்தெடுத்தது, தம்பியைக் கூட்டிவந்தது, தாளில் பேர் போடாமல் அடித்தது எல்லாமே அந்தக் கணக்குத்தான். ஒரே நாள், ஒரே மரத்தடி, ஒரே எலுமிச்சை சாதம். எனக்கு அது வீரசாகசம், அவளுக்குப் படிப்பையே பணயம் வைத்த விளையாட்டு. எனக்குப் பொண்ணு இல்லை. கோர்ட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் மனுக்களை டைப் அடிக்கிறேனே, வீட்டுக்குப் பயந்து ஓடிப்போன பிள்ளைகளைத் தேடித்தரச் சொல்லி அப்பன்மார்கள் போடும் மனு எத்தனை என் விரல் வழியாகப் போயிருக்கிறது! ஒவ்வொரு தடவையும் அந்த நடுங்கிய விரல் ஞாபகம் வரும்.

அதனால் உனக்கு நான் சொல்வது, குட்டிம்மா உன்னிடம் வந்து கேட்டாளே, அதை முதலில் பார். பையன் பேர் சொல்லி, இடம் சொல்லி, நேரம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நாங்கள் இருவரும் யாரிடமாவது கேட்டிருக்க முடியுமா? உன்னிடம் கேட்டதற்கு அழுகைதான் பலன் என்று அவளுக்குப் பட்டால் அடுத்த தடவை கேட்க மாட்டாள். போகாமல் இருக்கவும் மாட்டாள். நீயே சொல், பத்து வயசில் சூப்பிரண்டெண்டையே ஏமாற்றிய கை உன் கை. அவள் உன் பொண்ணு.

தம்பியை அனுப்பாதே. அவளுக்காகச் சொல்லவில்லை, அவனுக்காகச் சொல்கிறேன். அவனுக்குப் பதினோரு வயசு. பெரியவர்கள் ஒளிக்கும் விஷயத்தை மூடிக் காப்பாற்றும் வேலையை அந்த வயசில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. உனக்கு நான் கொடுத்தேன், நீ ஜோராகச் செய்தாய், அது வேறு. நேரத்தை மட்டும் கறாராகச் சொல். அவள் பங்குப் பணத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பு. அந்தப் பையன் செலவில் அவள் சாப்பிட வேண்டியதில்லை, டிக்கெட்டும் அப்படியே. போட்டோ எடுத்தால் இருவரும் ஒத்துக்கொள்ளாமல் எங்கேயும் போடக் கூடாது என்று பேசிக்கொள்ளச் சொல். எங்கள் காலத்தில் பேக்கிங் ஷீட்டைக் கிழித்துப் போட்டால் விஷயம் முடிந்தது, இப்போது அப்படி இல்லை. அந்தப் பையன் வீட்டுக்குத் தெரியுமா என்றும் கேள்.

மாப்பிள்ளையிடம் மறைக்காதே. அவர் குதிப்பார், ஒரு ராத்திரி சாப்பிட மாட்டார். குதிக்கட்டும். வேண்டுமானால் நான் பேசுகிறேன். அவருக்கும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்திருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஹையர் முடித்தவர்தானே.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை. லோயர் பரீட்சை முடிந்தது, ரெண்டு பேரும் பாஸ். அவள் மீனாட்சி காலேஜில் கணிதம் சேர்ந்தாள். பேட்ச் மாறியது, மெஷின் மாறியது. சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. யாரும் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. அவள் பட்டம் வாங்கினாள் என்று அப்புறம் யார் மூலமோ கேள்விப்பட்டபோது நிம்மதியாக இருந்தது. உன் அண்ணிக்கு இந்தக் கதை எல்லாம் தெரியும். மியூசியம் இருக்கும் தமுக்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், "தூக்குவாளி எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்பாள்.

ஒன்றே ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் நான் வெளியே பெட்டிக்கடைக்குப் பவண்டோ வாங்கப் போனேன். காசு பற்றாமல் ரெண்டு பாட்டில், நாலு ஸ்ட்ரா வாங்கி வந்தேன். வரும்போது பார்த்தால் நீயும் அவளும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பஸ்ஸில் கேட்டேன், நீ சொல்லவில்லை. வீட்டில் ஒரு டெய்ரி மில்க் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, "அக்கா யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்கு" என்றாய். அம்மாவிடம் வாய் திறக்காதே என்று திரும்பும் வழியில் நான் உனக்குக் கொடுத்த பயிற்சி எனக்கே வந்து விடிந்தது. உனக்கு இப்போது முப்பத்தொன்பது. இனியாவது சொல்லலாம் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கும் நேரத்தில் போன் பண்ணு. வடகம் காய்ந்துவிட்டது, எந்த விலாசத்துக்குப் பார்சல் அனுப்ப என்று அதையும் சொல், பழைய பிளாட்டா புதுசா?

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன்